மஞ்சள் நூல் தைத்த துணி

இது நடந்தது. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அந்தக் குளியலறை இன்னும் இருக்கிறது. தைரியமிருந்தால் செருப்பில்லாமல் போய் நின்று பார்க்கட்டும்.

அவள் தையல்காரி. அவளுடைய அப்பா இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வீட்டில் இருந்தது ஒரே குளியலறை. அதில் ஆள் காலைத் தூக்கிவைத்து ஏற வேண்டிய குளியல் தொட்டி. "அதுல ஏறினா மறுபடி விழுவார். மாத்த முடியலன்னா ஏதாவது ஹோம்ல சேர்த்துடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவை ஹோமில் விட அவளுக்கு மனசு வரவில்லை. தொட்டியை எடுத்துவிட்டு, நாற்காலி போட்டுக் குளிக்கிற மாதிரி தரையைச் சமமாக்கிவிடலாம் என்று பிளம்பர் வேலை பார்க்கும் தன் தம்பியைக் கூப்பிட்டாள்.

அந்த வீட்டுக்கு அடியில் வெற்றிடம் கிடையாது. மண், அதன்மேல் கான்கிரீட் தளம், அதன்மேல் வீடு. வடிகுழாயை நகர்த்த வேண்டுமென்றால் தளத்தை அறுத்தாக வேண்டும். தம்பி வாயாடி, ஆனால் வேலையில் சுத்தம். மெயின் வால்வை மூடினான். குளியலறைக்குப் போகும் கரண்டை நிறுத்தினான். இருவர் மூக்கிலும் முகமூடி. "தளத்துக்குள்ள கம்பி கண்ணுல பட்டா அறுக்குற மெஷின நிறுத்திடுவேன், அவசரப்படுத்தாத" என்றான்.

தொட்டியைத் தூக்கியதும் குழாயின் வாய் தெரிந்தது. கூடவே நாற்றம். அழுகிய முட்டையும் பழைய சோப்பும் கலந்த நாற்றம். முகமூடியைத் தாண்டி நாக்கில் வந்து ஒட்டியது. தம்பி ஒரு கொக்கியை உள்ளே விட்டான். முடி வந்தது.

"இத்தனூண்டு கிராப்ப வச்சுக்கிட்டு எப்படிக்கா இவ்வளவு கொட்டுது உனக்கு?"

"வாய மூடிட்டு இழு."

இழுத்தான். ஒரு முழம் வந்தது. இன்னும் வந்தது. சாம்பல் நிறச் சளி பூசி, வழவழவென்று... கையுறைக்கு மேலேயே வெதுவெதுப்பு தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. குழாயில் சேருகிற முடி சிக்காகத்தான் வரும். இது சிக்கு இல்லை. மூன்று கால் எடுத்துப் போட்ட பின்னல்.

"விட்டுடு" என்றாள்.

அவன் விடுவதற்குள் அதுவே நழுவி உள்ளே போனது. மெதுவாக. முன்னால் விழுந்த சடையை யாரோ எடுத்து முதுகில் போட்டுக்கொள்வது போல.

"காத்து இழுக்குது" என்றான் தம்பி. அவள் முகத்தைப் பார்க்காமல்.

நாற்றம் வராமலிருக்கக் குழாய் வாயில் துணி திணிப்பது பிளம்பர்களின் வழக்கம். பழைய தலையணை உறை ஒன்றைக் கொடுத்தாள். ஓரத்தில் மஞ்சள் நூல், அவளே தைத்தது. திணித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தால் துணி தரையில் கிடந்தது.

முறுக்கிப் பிழிந்திருந்தது.

தம்பி அதை மறுபடியும் இறுக்கித் திணித்தான். அதற்குப் பிறகு வாயாடவில்லை. தளத்தை அறுத்துத் தோண்டினான். அவள் இடிபாட்டை வாளியில் அள்ளி வெளியே கொட்டிவிட்டு வந்தபோது, அவன் முகம் வெளுத்திருந்தது. புதுக் குழாயை நேராக மெயின் லைனில் சேர்த்தான். பழைய குழாயிலிருந்து துணியை எடுத்துவிட்டு, மூடி போட்டு அடைக்க வேண்டும். அதுதான் முறை.

"துணிய எடுக்கலையா?"

"நீ எடு."

அவளும் எடுக்கவில்லை. அப்படியே கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

அப்பா வந்தார். முதல் குளியல். நாற்காலியில் உட்காரவைத்து வெந்நீர் ஊற்றினாள்.

"சூட்டக் குறைம்மா. கீழ சுடுதாம்."

"காலு சுடுதாப்பா?"

"எனக்கில்ல."

தண்ணீர் தேங்கியது. சோப்பு நுரையும் அழுக்கும் அப்பாவின் கணுக்காலைச் சுற்றி நின்றன. புது வடிகால் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டாள். ஏதோ தட்டுப்பட்டது. வழவழவென்று...

இழுத்தாள்.

துணி. ஓரத்தில் மஞ்சள் நூல். முடிக்கிற இடத்தில் அவள் எப்போதும் போடுகிற இரட்டைத் தையல்.

முறுக்கிப் பிழிந்து, முடியால் கட்டியிருந்தது.

கையிலிருந்ததை வாளியில் போட்டுவிட்டு, அப்பாவைத் துடைத்துவிட்டாள்.

அப்பாவைப் படுக்கவைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள். துணி வந்ததைச் சொன்னாள்.

"அக்கா... அந்தப் பழைய குழாய் முழங்கை நீளம்தான் இருந்துச்சு. தோண்டும்போதே பார்த்தேன். அந்தப் பக்கம் சிமெண்ட் வச்சு அடைச்சிருக்கு. மெயினுக்குப் போகவே இல்ல."

"அப்ப இத்தனை வருஷம் நான் குளிச்ச தண்ணி?"

"சுத்தி இருந்த மண்ணுல சொட்டு ஈரம் இல்லக்கா."

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா அப்பாவ எங்க வச்சுக் குளிப்பாட்டுவ?"

அப்பா வீட்டில்தான் இருக்கிறார். அங்கேதான் குளிக்கிறார். வேறு வழியில்லை. அவள் தினமும் வெந்நீரில் பச்சைத்தண்ணீர் விட்டு விளாவி, கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறாள்.

இரண்டு பேருக்கும் பொறுக்கிற சூடு.