கம்பி கட்டிய வாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்காம் ஆண்டு மாரிக் காலத்தில்தான் இராசமலர் முதன்முதலாக நாகேஸ்வரியைச் சந்தித்தாள். வன்னியிலுள்ள தர்மபுரத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய குடும்பங்கள், வீடு கட்டி முடியும்வரை ஒரே தகரக் கொட்டகையில் தங்கியிருந்தன. கூரை ஒழுகியது. விறகு எரியாமல் புகைந்தது. பெண்கள் ஆளுக்கொரு மூலையில் அழுத முகத்தோடு இருந்தார்கள். நடுவில் அமர்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி, எவரையும் பாராமல் பேசத் தொடங்கினாள்.

"உதென்ன வெங்காயம்! எங்கட ஊரிலை ஒண்டை உரிச்சால் அடுத்த ஊர்க்காரன் அழுவான். ஒருநாள் அம்மா நாலைஞ்சை ஒண்டாய் உரிச்சவா. செத்த வீடெண்டு நினைச்சுச் சனம் வந்து முற்றத்திலை குந்தீட்டுது."

இராசமலர் வாய்விட்டுச் சிரித்தாள். வன்னிக்கு வந்தபின் அவள் சிரித்த முதற்சிரிப்பு அது.

நாகேஸ்வரி அவளுக்கு மூத்தவள்; ஒன்றைப் பத்தாக்காமல் அவளுக்குப் பேச வராது. அவள் கண்ட பாம்பு வாய்க்காலின் இரு கரைகளிலும் ஒரே நேரத்தில் கிடக்கும். "நாகேஸ்வரியின்ர கதையைச் சுளகிலை போட்டுப் புடைச்சுத்தான் எடுக்கவேணும்" என்று குடியேற்றத்தில் எல்லாரும் சொல்வார்கள். இராசமலர் புடைக்காமலே கேட்டு மகிழ்வாள். தான் பேசுவது குறைவு. தந்தையை இளமையில் இழந்ததால் பள்ளிக்கூடப் படியை மிதிக்காதவள். கணவர் பரமலிங்கம் இருவருக்குரிய பேச்சையும் தாமே பேசிவிடுவார். ஆகையால் அவள் அதிகம் பேசவேண்டிய தேவையும் இருக்கவில்லை.

குடியேற்றத்துப் பெண்களிடையே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. காட்டுக்கு ஒருத்தி தனியே போகலாகாது. துணையாகப் போனவள், உடன்வந்தவளை விட்டுவிட்டு ஓடி வந்தால், அவளோடு பின்னர் எவரும் காட்டுக்குப் போகமாட்டார்கள். விறகும் பழமும் காடு தருபவை, காடில்லையென்றால் அடுப்பில்லை. இராசமலரும் நாகேஸ்வரியும் எப்போதும் ஒருவருக்கொருவர் துணை.

ஐம்பத்தேழாம் ஆண்டு ஆனி மாதத்தில் பாலைப்பழம் பறிக்கப் போனார்கள். இராசமலர் கொப்பை வளைத்த மரத்தின் மறுபுறத்தில் கரடி ஒன்று பழம் தின்றுகொண்டிருந்தது. அவள் அதைக் கண்டதும் அது எழுந்து முகத்தில் அறைந்ததும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன. கீழே விழுந்தவளுக்கு ஒரு கண்ணால்தான் பார்க்க முடிந்தது. அந்தக் கண்ணால், நாகேஸ்வரி ஓடுவதைக் கண்டாள். பிறகு அவள் நின்றதையும் கண்டாள். நின்றவள் திரும்பினாள். பழம் பறிக்கும் கொக்கத்தடியை இரு கைகளாலும் ஓங்கியபடி வந்தாள்.

"எடி மூதேசி! விடடி என்ர பிள்ளையை!"

தடி முறியும்வரை கரடியின் மூக்கில் அடித்தாள். முறிந்த துண்டாலும் அடித்தாள். கரடி உறுமிக்கொண்டு பற்றைக்குள் மறைந்தது. இரத்தம் தொண்டையை அடைக்காதபடி இராசமலரின் முகத்தை ஒருபுறம் சாய்த்து வைத்துவிட்டு, உதவி தேடி ஓடினாள். வாய்க்கால் கட்டில் வந்துகொண்டிருந்த பரமலிங்கம் கண்டது இந்த ஓட்டத்தை மட்டுந்தான். தலைவிரி கோலமாக ஓடி வந்தவளின் வாயிலிருந்து, "மலர்! கரடி!" என்ற இரண்டு சொற்களே வெளிவந்தன. அவர் காட்டுக்குள் கூவிக்கொண்டு பாய்ந்தார். கரடி அங்கே இல்லை. தம்முடைய கூச்சலுக்கே அது ஓடியது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் சூது எதுவும் இருக்கவில்லை. அதனாலேயே அதை அசைக்க முடியவில்லை.

யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரியில், முறிந்த தாடையைப் பொருத்தி, மேற்பற்களையும் கீழ்ப்பற்களையும் மெல்லிய கம்பியால் இறுகப் பிணைத்தார்கள். கிழிந்த கன்னத்திலும் நாக்கிலும் தையல். ஆறு கிழமைக்கு வாய் திறக்கக் கூடாது. கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்த சிறு சந்து வழியாக, மூக்கு நீண்ட கிண்ணத்தால் பாலும் கஞ்சித் தெளிவும் ஊற்றினார்கள். பாதி உள்ளே போயிற்று. மீதி கழுத்து வழியே ஓடிற்று. கட்டிலின் தலைமாட்டில் கம்பி வெட்டும் குறடு ஒன்று தொங்கியது.

"சத்தி வந்தால் மூச்சடைச்சுப் போகும்" என்று வாந்தியின் ஆபத்தைத் தாதி பரமலிங்கத்துக்கு விளக்கினாள். "உடனே கம்பியை வெட்டி, ஆளைக் குப்புறச் சரிச்சு, முதுகிலை தட்டவேணும். வீட்டை போனாலும் குறடு உங்கட இடுப்பிலை இருக்கவேணும்."

வலியை இராசமலர் பொறுத்தாள். பசியையும் பொறுத்தாள். பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் பரமலிங்கம் சொன்ன கதையைத்தான் பொறுக்க முடியவில்லை.

"நான் ஒரு சத்தம் போட்டன் பாருங்கோ, கரடி நிலத்திலை விழுந்தெழும்பி ஓடிச்சுது. கொக்கத்தடியைக் கூடக் கடிச்சு முறிச்சிருந்தது. துணைக்குப் போன நாகேஸ்வரியோ? அவள் எப்பவோ ஓட்டம்! நான் வழியிலை கண்டனான்."

இராசமலர் தொண்டைக்குள் முனகினாள். "நோகுதாம்" என்று அவர் மொழிபெயர்த்தார். தலையை அசைத்தாள். "சரியாய் நோகுதாம்" என்றார். கண்ணீர் வடிந்தது. "அந்தக் கரடியை நினைச்சு அழுறாள்" என்றார். முன்னரே பேசாதவள் என்பதால், அவள் பேசாதிருப்பதை எவரும் குறையாக நினைக்கவுமில்லை.

துணைக்கிருக்க வந்த பரமலிங்கத்தின் தமக்கை கமலாசனி, "மச்சாளுக்குக் கம்பி வடிவாய்த்தான் கிடக்கு. உனக்கும் ஒண்டு கட்டினால் வாட்டிலை சனம் நித்திரை கொள்ளும் தம்பி" என்று சிரித்தாள்.

ஒரு பகல், நாகேஸ்வரி வந்தாள். கையில் போத்தல் நிறைய ஆட்டெலும்புச் சூப்பு. ஆஸ்பத்திரி வாட்டு வாசலிலேயே பரமலிங்கம் மறித்தார்.

"விட்டிட்டு ஓடினவளுக்கு இஞ்சை என்ன வேலை?"

"ஓடினனான்தான். பிறகு திரும்பி வந்து அடிச்சனான், தம்பி. அவளைக் கேளுங்கோ!"

"கரடிக்கோ? உன்ர வெங்காயக் கதையை வேறை ஆருக்கும் சொல்லு."

இராசமலர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். நாகேஸ்வரியை நோக்கி விரலை நீட்டினாள். பிறகு இரு கைகளையும் தலைக்கு மேலே ஓங்கி, தடியால் அடிப்பதுபோல ஒருமுறை, இருமுறை, மும்முறை இறக்கினாள். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிச் சொல்ல இயலும்?

"பாத்தியோ தம்பி" என்றாள் கமலாசனி. "அடிச்சுத் துரத்தட்டாம்."

இல்லையென்று இராசமலர் வேகமாகத் தலையை ஆட்டினாள். மீண்டும் ஓங்கிக் காட்டினாள். அது கோபத்தின் உச்சமாகவே பட்டது. அவள் அஞ்சியது நிகழ்ந்தது. நாகேஸ்வரியும் அப்படியே விளங்கிக்கொண்டாள். போத்தலை வாசற்படியில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தபின் துயரம் இன்னும் கூடியது. குசினியில் கருவாடு பொரியும் மணம் வந்தால் கஞ்சித் தெளிவு தொண்டையில் நின்றது. கொட்டாவி விட முடியாது. தும்மினால் தாடை பிளப்பதுபோல் வலித்தது. நாக்கின் தையல் ஆறிய பிறகு பற்களுக்கிடையால் ஏதேதோ சொல்லிப் பார்த்தாள். "தண்ணி கேட்கிறாள்" என்று செம்பை நீட்டினார்கள். ஒருநாள் அவள் செம்பைத் தட்டிவிட்டாள். "சூடாய் வேணுமாம்" என்றார் பரமலிங்கம்.

நாகேஸ்வரியைப் பற்றிய செய்தியைக் கமலாசனிதான் கொண்டுவந்தாள்.

"சங்கக்கடையிலை நிண்டு, கரடியின்ர மூக்கை உடைச்சனான் எண்டு சொன்னவளாம். 'மூக்கை மட்டுமோ, காது குத்தேல்லையோ' எண்டு கேட்டு எல்லாரும் ஒரே சிரிப்பு. இப்ப ஒருத்தியும் அவளோடை காட்டுக்குப் போறேல்லை. வாய்க்கால் கரையிலை காவோலை பொறுக்கித்தான் அடுப்பு மூட்டுறாளாம். வேணும் உவளுக்கு!"

எதிரே நாகேஸ்வரியின் வளவில் புகை எழுவதை இராசமலர் யன்னலால் பார்த்தாள். வாய்க்கால் ஈரம் ஊறிய ஓலையின் கறுத்த புகை. பொய்யெல்லாம் சொன்ன காலத்தில் அவளை விரும்பிக் கேட்டவர்கள், மெய் சொன்ன ஒரேயொரு முறை அவளைத் தள்ளிவைத்தார்கள். சாட்சி சொல்லவேண்டியவளின் வாயோ கம்பிக்குள்.

அடுத்த கிழமை குடியேற்றத்துக் கூட்டுறவுச் சங்கத் தலைவர் சிற்றம்பலம் நலம் விசாரிக்க வந்தார். கதிரையில் அவர் அமர்ந்ததும் பரமலிங்கம் தொடங்கிவிட்டார். இந்தமுறை கரடி இரண்டாகியிருந்தது. நாகேஸ்வரியிலும் பெரிய புளுகர் ஒருவர் தன் வீட்டிலேயே வளர்ந்துவிட்டதை இராசமலர் உணர்ந்தாள். அவரை மட்டும் எவரும் புடைக்கவில்லை. "துணையை விட்டிட்டு ஓடுறது பெரிய பாவம். சங்கக் கூட்டத்திலை இதைப்பற்றி நாலு வார்த்தை கதைக்கத்தான் வேணும்" என்றார் சிற்றம்பலம்.

இராசமலர் எழுந்தாள். கணவரின் இடுப்பிலிருந்த குறட்டை உருவினாள். சுவர்க் கண்ணாடியின் முன்னால் நின்று, முன்பற்களின் கம்பியை வெட்டினாள். ஒன்று அறுந்தது. உதடு கிழிந்து இரத்தம் கசிய, அடுத்ததும், அதற்கடுத்ததும் அறுந்தன. தாடை இறங்கியது.

"நா... கேசக்..." என்று தொடங்கினாள்.

"ஐயோ, சத்தி வருகுது!" என்று பரமலிங்கம் பாய்ந்தார். தாதி கற்பித்ததை அவர் ஓரெழுத்தும் மறக்கவில்லை. மனைவியைக் குப்புறச் சரித்து, முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். இராசமலர் சொல்ல வந்ததெல்லாம் எச்சிலும் இரத்தமுமாக நிலத்தில் ஒழுகியது. "சத்தி எடு, ராசாத்தி, பயப்பிடாதை!" என்று அவர் அழுதுகொண்டே தட்டினார். அவள் திமிறத் திமிற, சிற்றம்பலமும் வந்து கால்களைப் பிடித்துக்கொண்டார்.

மீண்டும் ஆஸ்பத்திரி. மீண்டும் கம்பி. பொருந்திக்கொண்டிருந்த எலும்பு விலகிவிட்டதாகவும், இனித் தாடை சற்றுக் கோணலாகவே இருக்குமென்றும் டாக்குத்தர் சொன்னார். உயிரைக் காத்த கணவரென்று வாட்டெல்லாம் பரமலிங்கத்தைப் புகழ்ந்தது.

கம்பி ஒருவழியாகக் கழன்றபோது புரட்டாதியும் முடிந்திருந்தது. வாய் இரண்டு விரலகலம் திறந்தது. சோற்றைப் பிசைந்து விழுங்கத்தான் முடிந்தது. முதலில் கணவரிடம் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. அவர் பொறுமையோடு கேட்டார், தலையையும் தடவினார்.

"உனக்கு அப்ப நல்ல மயக்கம், மலர். கண்ணிலை இரத்தம். நீ என்னத்தைக் கண்டனி?"

"கண்டனான்."

"அவள் ஓடினதை நான் கண்டனான் எல்லே?"

கமலாசனி, "மச்சாளுக்குப் பால்போலை மனம்" என்றாள். இராசமலர் சிற்றம்பலத்தாரிடம் போய்ச் சொன்னாள். "மன்னிக்கிறது பெரிய குணம், பிள்ளை" என்று அவரும் வாழ்த்தி அனுப்பினார். சங்கக்கடையில் சொன்னாள், அவளுடைய கோணிய வாயைப் பார்த்து இரங்கினார்களே தவிர, அதிலிருந்து வந்ததை ஒருவரும் கேட்கவில்லை. வாயைத் திறப்பதற்காக அவள் பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா? அன்று மாலை அழுகைகூட வரவில்லை. பல்லைக் கடிக்கலாமென்றால் பற்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

மறுநாள் எதிர்வளவுப் படலையைத் திறந்துகொண்டு போனாள். நாகேஸ்வரி ஓலைக் குவியலின் அருகே நின்றாள்.

"என்ன, ஆஸ்பத்திரியிலை ஓங்கின கையை இஞ்சையும் கொண்டுவந்திட்டியோ? அடி. அடிச்சிட்டுப் போ."

"அது... நீங்கள் கரடிக்கு அடிச்சதைக் காட்டினனான், அக்கா."

நாகேஸ்வரி அவளைப் பார்த்தாள். சிரிப்பு வரப் பார்த்தது, வழியிலேயே திரும்பிவிட்டது.

"உதை ஊருக்குச் சொன்னனியோ?"

"எல்லாருக்கும் சொன்னனான். ஒருத்தரும் நம்பேல்லை."

"என்ர வாய்க்கு எப்பவும் விலையில்லை. இப்ப உன்ர வாய்க்கும் இல்லை. பேந்து ஏன் வந்தனி? போய்க் கஞ்சியைக் குடிச்சிட்டுப் படு."

ஓலை ஒன்றை முறித்து வீசினாள். பற்றைக்குள் அது விழுந்த சலசலப்பில் இராசமலரின் உடல் ஒருமுறை துள்ளி அடங்கியது. ஆனிக்குப் பிறகு அவள் வாய்க்கால் கட்டைத் தாண்டியதில்லை. காட்டின் பக்கம் திரும்பிப் படுப்பதுமில்லை. நாகேஸ்வரி அந்தத் துள்ளலைக் கண்டாள்.

இராசமலர் முந்தானையால் வாயோரத்து எச்சிலைத் துடைத்தாள். சொற்கள் சிதையாதிருக்கத் தாடையை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டாள்.

"அக்கா, நாளைக்கு என்னைக் காட்டுக்கு விறகெடுக்கக் கூட்டிக்கொண்டு போங்கோ. வாய்க்கால் பக்கத்தாலை வேண்டாம். சங்கக்கடையடியாலை போவம், சனம் நிக்கிற நேரமாய்ப் பாத்து."