றஸீன் நானாவும் மெசின் காட்டிய கோடும்

றஸீன் நானா விடிய வபாத்தாகிவிட்டாராம், ஆள் போய்விட்டார்... இன்னும் கடலில், போட்டில்தான் இருக்கிறேன்.

கல்குடாக் கரையில் ஆளைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு... எங்கள் போட்டுகளுக்கு மீன் காட்டும் மெசின் விற்று, பூட்டி, ரிப்பேர் செய்தவர். ஓட்டமாவடியில் கடை. என் வயதுதான், ஆனாலும் எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா.

நான் முதல் மெசின் பூட்டிய வருஷம். பெருமழை விட்ட கையோடு கடலுக்குப் போனால், ஆற்றுவாய்க்கு வெளியே ஸ்க்ரீனில் நீளமாக ஒரு தடித்த கோடு. கீரிமீன் கூட்டமென்று வலை போட்டேன். மூன்று நாள். வந்தது வெள்ளத்தில் மிதந்து வந்த ஆற்றுவாழைச் செடியும் ஒற்றைச் செருப்பும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கரையில் மீன் ஏலம் நடக்கும் நேரம் பார்த்து, "கள்ள மெசின்! ஒருத்தரும் அவனிட்ட வாங்காதீங்க!" என்று கத்திவிட்டேன். அன்றைக்கே இரண்டு பேர் ஓர்டரை கேன்சல் பண்ணிவிட்டார்கள்.

அடுத்த நாள் மனுஷன் போட்டடியில் நிற்கிறார். கடலென்றாலே தலைசுற்றும் ஆள்.

"என்னை ஏத்திட்டுப் போ மச்சான். அந்தக் கோட்டைக் காட்டு."

போகும் வழியெல்லாம் வயிற்றில் இருந்ததெல்லாம் சத்தி எடுத்தார். எனக்கே பாவமாகிவிட்டது.

இடம் வந்ததும் மேல் தண்ணீரைக் கையில் அள்ளி நீட்டினார். குடித்துப் பார்த்தேன், சப்பென்றிருந்தது. பிறகு கல் கட்டிய போத்தலைக் கயிற்றில் இறக்கி, ஆழத்தில் மூடியை இன்னொரு கயிற்றால் இழுத்துத் திறந்து, அந்தத் தண்ணீரையும் தந்தார். வாயில் வைக்க முடியாத உப்பு.

"மெசின் கீழ சத்தம் அனுப்புது, பட்டுத் திரும்பி வாறதக் காட்டுது. மழைக்கு ஆத்துத் தண்ணி மேல நிக்கிது, கடல் தண்ணி கீழ. ரெண்டும் முட்டுற இடத்திலயும் கொஞ்சச் சத்தம் திரும்பிடும். நீ வலை போட்டது மீனுக்கில்ல மச்சான், தண்ணிக்கு!"

சத்தி எடுத்த வாயாலேயே சிரித்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன்.

"கத்தின இடத்திலயே நின்டு சொல்லு. அது காணும், வேறொண்டும் வேணாம்."

மறுநாள் அதே ஏல நேரத்தில், மெசினில் பிழையில்லை, நான்தான் தண்ணிக்கு வலை போட்டேன் என்று சொன்னேன். முழுக் கரையும் சிரித்தது. நிறுத்திய ஓர்டர் இரண்டும் திரும்பி வந்தன.

அன்றிலிருந்து மழை விட்டால் அவருடைய ஃபோன் கோல் வரும். "என்ன மச்சான், இண்டைக்கு எத்தினை கிலோ தண்ணி?"

நேற்றுத்தான் மழை விட்டது. இன்று காலை அவருடைய நம்பரைக் கண்டதும் சிரித்துக்கொண்டே எடுத்தேன்...

மகள் பேசினாள்.

ஜனாசா அடக்கத்துக்கு வருகிறேன், நானா. கோடு இண்டைக்கும் இருக்கு. வலை போடல்ல.