ஆடு தின்ற கோடு

என்னோடு சேர்ந்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் கால்பந்து சொல்லித்தரும் முருகன், மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கீழக்குயில்குடிப் பொட்டலில் எங்கள் கிளப் ஆடிய முதல் மேட்ச் ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு கிடைக்காமல் அம்மா தந்த அரிசி மாவில் கோடு இழுத்திருந்தோம். இடைவேளையில் ஓர் ஆடு வந்து கோல் கோட்டை நக்கித் தீர்த்துவிட்டது. அதன்பிறகுதான் எதிரணியில் ஆடிய முருகன் அடித்த பந்தைப் பிடித்தேன். கோடு தாண்டவில்லை என்று கோல்கீப்பரான நான் சத்தியம் செய்ய, ஜெயித்தோம். அந்த மேட்சை முருகனுக்கு ஞாபகப்படுத்தினேன்.

"அன்னைக்கு பந்து உள்ள போச்சுதான புள்ள?" என்றான் முருகன்.

"போச்சு" என்றேன், முப்பது வருஷம் கழித்து.

கோபப்படுவான் என்று பார்த்தேன். தலையைச் சொறிந்தான்.

"அது எங்க வீட்டு ஆடுதான். மேய்க்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் அன்னைக்கு விளையாட வந்தேன்."