புலாவ் செபாங் ஸ்டேசனிலிருந்து பெம்பான் தோட்டத்துக்கு: எக்ஸ்ரேக்காரர்கள் கூடிய நாள்

என் மகளுடைய சிநேகிதி ஒருத்தி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஊசி போடுகிறவள் இல்லை, மருந்து கொடுக்கிறவளும் இல்லை. நோயாளிக்குக் கொடுக்கிற கதிர் சரியான அளவில் போகிறதா என்று பார்க்கிற வேலை. மருத்துவ இயற்பியல் என்று பெயராம். அவர்கள் ஆட்கள் எல்லாரும் கூடுகிற கூட்டம் இந்த முறை மலாக்காவில் நடக்கிறது, ரயிலில் வந்தால் எங்கே இறங்குவது, எப்படிப் போவது என்று என்னைக் கேட்டாள். நானே ஒரு காலத்தில் அப்படி ஒரு கூட்டத்துக்குக் கார் ஓட்டியிருக்கிறேன் என்றதும் நம்பவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள்.

அது கம்யூனிஸ்ட் காலம், அவர்கள் காட்டுக்குள் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போட்ட நாட்கள். அவசரகாலம் என்று சர்க்காரில் சொல்வார்கள். மலாக்காவில் சில பகுதிகளுக்குக் கட்டுப்பாடு தளர்ந்து, சிலவற்றுக்குத் தளராமல் இருந்த சமயம். நான் மலாக்கா டவுனில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வயது, மீசை நன்றாக இருக்கும்.

பெம்பான் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் புது எக்ஸ்ரே மெசின் வந்திருந்தது. அதைப் பார்க்கிற சாக்கில் சுற்று வட்டாரத்து எக்ஸ்ரேக்காரர்கள் எல்லாரும் ஒரு நாள் கூடிப் பேசி, தேநீர் குடித்து, பூப்பந்து ஆடிவிட்டுப் போவதாக ஏற்பாடு. பேச்சாளர் சிங்கப்பூரிலிருந்து வருகிற சபாரத்தினம் ஐயா. யாழ்ப்பாணத்தார். அவரை டாக்டர் என்பார்கள், ஆனால் நாடி பிடிக்க மாட்டார். மெசினிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வருகிறது, அது ஆளுக்குக் கெடுதலா இல்லையா என்று கணக்குப் பார்க்கிறவர். முன்தினம் கோலாலம்பூரில் வேலையை முடித்துக்கொண்டு காலை ரயிலில் புலாவ் செபாங் வருகிறார், அவரை அழைத்து வரவேண்டும் என்று எனக்கு உத்தரவு. நாள் முழுக்கக் காருக்கு வாடகை பதினெட்டு வெள்ளி, பெட்ரோல் என்னுடையது.

காலை ஏழரைக்குக் கிளம்பினேன். டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற மிஸ் நேசம் கூட வந்தார். அவரும் யாழ்ப்பாணத்தார்தான், ஆனால் பிறந்தது மலாக்கா. முப்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான உடம்பு, கஞ்சி போட்ட சேலை, கையில் மடித்த வெள்ளைக் கோட்டு. வரவேற்பதற்கு யாரும் வரவேண்டாம், கார் மட்டும் போதும் என்று ஐயா சொல்லியிருந்தும் இவர் கெஞ்சிக் கேட்டு வந்திருந்தார்.

மலாக்காவிலிருந்து புலாவ் செபாங் இருபத்துநாலு மைல். முன்பு மலாக்கா டவுன் வரைக்குமே ரயில் இருந்தது. ஜப்பான்காரன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபிறகு ரோடுதான் கதி. அலோர் காஜா தாண்டினால் இரண்டு பக்கமும் ரப்பர் மரம், ரோட்டை ஒட்டி மட்டும் மரத்தை வெட்டி வெளியாக்கியிருப்பார்கள், யாரும் ஒளிந்திருக்கக் கூடாது என்று. அந்த இடத்தில் வண்டியை மெதுவாக ஓட்ட யாருக்கும் மனசு வராது. எனக்கும் வராது.

அலோர் காஜாவில் தேநீருக்கு நிறுத்தினேன். மிஸ் நேசம் காரைவிட்டு இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

எக்ஸ்ரே எடுக்கிறவர்கள் கோட்டில், நெஞ்சுக்கு நேரே, தீப்பெட்டி மாதிரி ஒரு அட்டை குத்தியிருப்பார்கள். உள்ளே சின்னப் பிலிம். ஆள்மேல் கதிர் பட்டால் பிலிம் கறுக்கும். மாதம் ஒரு தடவை சிங்கப்பூருக்கு அனுப்ப வேண்டும். எல்லாருடைய பிலிமும் வெளிர் சாம்பலாக வரும்போது மிஸ் நேசத்தின் பிலிம் மட்டும் மூன்று மாதமாகக் கரியாக வந்திருக்கிறது. டவுன் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் பயந்துவிட்டார். இன்றைய கூட்டத்தில் சபாரத்தினம் ஐயா வேறு மாதிரி சொன்னால் ஒழிய, ஒன்றாம் தேதியிலிருந்து எக்ஸ்ரே ரூமுக்குள் காலே வைக்கக்கூடாது, சீட்டு எழுதுகிற இடத்தில் உட்கார் என்று சொல்லிவிட்டார்.

"எனக்கு இந்த வேலைதான் அண்ணை தெரியும்," என்றார். "வீட்டில அம்மாட்ட நான் ஒண்டும் சொல்லேல்ல. என்ரை ரத்தம் கெட்டுப்போச்செண்டு அவ நினைச்சுப்போடுவா. நானே ராவில அப்பிடித்தான் நினைக்கிறன்."

இரண்டு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைச் சாப்பிட்டார்.

ரயில் நாற்பது நிமிடம் தாமதம். முன்னால் தண்டவாளத்தைச் சோதிக்கிற வண்டி போய்த்தான் பின்னால் பயணிகள் வண்டி வரும், அதனால் அந்தக் காலத்தில் ரயிலுக்கு நேரம் பார்த்துக் கோபித்துக்கொள்கிறவன் யாரும் இல்லை. பத்தே காலுக்கு ஐயா இறங்கினார். குட்டையான மனிதர், பெரிய தொப்பி, இரண்டு கையிலும் பெட்டி. ஒரு பெட்டியைத் தொடக்கூட என்னை விடவில்லை.

கார் கிளம்பி ஐந்து நிமிடத்தில் மிஸ் நேசம் விஷயத்துக்கு வந்துவிட்டார். நான்தான் அந்தக் கரிப் பிலிம்காரி என்றார். ஐயா திரும்பி நன்றாகப் பார்த்தார். அந்த மூன்று பிலிமும் தன்னிடம்தான் இருக்கிறது, அவற்றைப் பார்த்ததிலிருந்து தனக்கு ஒரு சந்தேகம் என்றார். எனக்கும் புரிகிற மாதிரிதான் விளக்கினார். அட்டைக்குள் சின்னதாக ஒரு ஈயத்துண்டு இருக்கிறது. அதன் நிழல் பிலிமில் விழும். ஆள் போட்டுக்கொண்டு நடந்தால், குனிந்தால், திரும்பினால் நிழலின் ஓரம் கலங்கி விழும். இந்தப் பிலிம்களில் ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கிறது. அப்படியானால் அட்டை அசையாமல் ஒரே இடத்தில் இருந்திருக்கிறது.

"பிள்ளை, உண்மையைச் சொல்லும். இதைக் கழட்டி எங்கையாவது வைக்கிறனீரோ?"

"ஒருநாளும் இல்லை ஐயா. கோட்டில குத்தினால் குத்தினபடிதான்."

"அப்ப ஆரோ உம்மோட விளையாடுகினம். உம்மோட ஆர் வேலை செய்யினம்?"

லிம் என்று ஒரு சீனப் பையன்தான் கூட வேலை பார்க்கிறவன் என்றார். ஐயா ம் என்றார். லிம் பெயரை இன்னொரு தடவை சொன்னால் போதும், மிஸ் நேசம் தப்பித்துவிடலாம். கண்ணாடியில் பார்த்தேன். இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"லிம் அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை ஐயா. அவனைச் சொல்லாதேங்கோ. நான் சீட்டு எழுதுற வேலைக்கே போறன்."

எனக்கு அந்த இடத்தில் கியரே சரியாக விழவில்லை.

டவுனைச் சுற்றிக்கொண்டு ஜாசின் ரோட்டில் திரும்பினோம். டவுனிலிருந்து பெம்பான் சுமார் பதினாறு மைல். பாதி வழியில் மாத்தா-மாத்தா, அதாவது போலீஸ் தடுப்பு. தோட்டங்களுக்குள் அரிசியோ மீனோ போகக்கூடாது, காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எல்லாவற்றையும் கிளறுவார்கள். மலாய்க்காரப் போலீஸ்காரர் ஐயாவின் பெட்டியைத் திற என்றார். உள்ளே பயன்படுத்தாத பிலிம், வெளிச்சம் பட்டால் அத்தனையும் வீண். ஐயா பதறவில்லை. இன்னொரு பெட்டியிலிருந்து ஒரு எக்ஸ்ரே படத்தை எடுத்துச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். ஒரு கையின் எலும்பு, விரலில் மோதிரம். இந்த மாதிரிப் படம் எடுப்பதற்குத்தான் அந்தப் பெட்டி, திறந்தால் எலும்பு தெரியாது என்று மலாயில் சொன்னார். போலீஸ்காரர் மற்ற ஆட்களையும் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு தடவை கையில் வாங்கிப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் சட்டையைத் தூக்கி, தன் முதுகில் வலிக்கிற இடத்தைக் காட்டினார். ஐயா, தான் அந்த டாக்டர் இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் கால்மணி போய்விட்டது. பெட்டியைத் திறக்கவில்லை.

பன்னிரண்டரைக்குத் தோட்டம். டிரெஸர் பெருமாள் கேட்டிலேயே நின்றார். தோட்டத்து ஆஸ்பத்திரி அவர் பொறுப்பு. பெரிய வயிறு, பெரிய குரல், கூட்டத்தின் செலவும் சமையலும் எல்லாம் அவர் தலையில். மலாக்காவிலிருந்தும் ஜாசினிலிருந்தும் இருபது பேர் வந்திருந்தார்கள். பெரிய டாக்டர் வெள்ளைக்காரர், லிம்மும் அவர் காரிலேயே வந்துவிட்டான். கிளப் கட்டடத்தில் ஐயா ஒரு மணிநேரம் இங்கிலீசில் பேசினார். நான் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒன்றும் புரியவில்லை, ஆனால் நன்றாகப் பேசினார், இரண்டு தடவை எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் நேசம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், சிரிக்கவில்லை.

பேச்சு முடிந்ததும் பெரிய டாக்டர் ஐயாவைத் தனியே கூப்பிட்டு மிஸ் நேசம் விஷயத்தைக் கேட்டார். சாயங்காலம் வரை பொறுங்கள் என்று ஐயா சொன்னாராம். இது பெருமாள் எனக்குச் சொன்னது.

அப்புறம் எல்லாரும் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு புது மெசினைப் பார்க்கப் போனார்கள். மூன்றரைக்குத் தேநீர். எக்ஸ்ரே ரூமுக்கு வெளியே வராந்தாவில் நீள மேசை. பெருமாள் வீட்டம்மா உளுந்து வடையும் கேசரியும் செய்திருந்தார். தோட்டத்துக்குள்ளே இருக்கிற சாமானை வைத்தே செய்ததால் எந்தத் தடுப்பையும் தாண்ட வேண்டியதில்லை. எனக்கும் ஒரு தட்டு வந்தது. வராந்தா ஓரத்தில் நின்று சாப்பிட்டேன்.

எல்லாரும் கோட்டோடேயே உட்கார்ந்து வடையைக் கடித்தார்கள். மிஸ் நேசம் மட்டும் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றி, உதறி, உள்ளே போய் எக்ஸ்ரே ரூம் சுவரில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஐயாவின் கையில் பாதி வடை. அப்படியே நிறுத்தினார்.

"கோட்டை ஏன் கழட்டினனீர்?"

"ஆசுப்பத்திரிக் கோட்டோட ஆர் ஐயா சாப்பிடுவினம்? அம்மா கண்டால் வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அங்கையும் இப்பிடித்தானோ?"

"ஓம். மத்தியானச் சாப்பாட்டுக்கு. பிறகு தேத்தண்ணிக்கு."

"எங்கை கொழுவுறனீர்?"

"ஆணியில. வெளியில தூசி, இருட்டறைக்குள்ள மருந்து மணம். நெஞ்சுப் படம் எடுக்கிற பலகைக்குப் பக்கத்து ஆணிதான் துப்பரவு." சொல்லிக்கொண்டே வந்தவர் குரல் மெலிந்தது. "மத்தியானத்திலதான் தோட்டத்து லொறி வரும். வாற ஆக்களுக்கு லிம்தான் நெஞ்சுப் படம் எடுக்கிறவன்."

லிம்முக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தன் பெயர் தெரியும். யாரோ அவனுக்கு இங்கிலீசில் சொன்னார்கள். தினமும் அங்கே கோட்டு தொங்கும், ஆள் இல்லையே, கோட்டுதானே லா என்று விட்டுவிட்டேன் என்றான். முகம் சிவந்துவிட்டது.

ஐயா வடையை முழுங்கிவிட்டு எழுந்தார். சொன்னால் போதாது, காட்டுகிறேன் என்று பெரிய டாக்டரையும் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார். மிஸ் நேசத்தின் கோட்டைப் பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி, அதில் புது அட்டை ஒன்றைக் குத்தினார். இன்னொரு அட்டையை நூலில் கட்டி முறுக்கிவிட்டுச் சுழல வைத்தார். எல்லாரையும் வெளியே அனுப்பி மெசினை ஓட்டச் சொன்னார். பிறகு லிம் இரண்டு பிலிமையும் இருட்டறைக்குள் கொண்டுபோனான். அவன் வெளியே வரும்வரைக்கும் யாரும் தேநீரைத் தொடவில்லை. மிஸ் நேசம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஈரம் சொட்டச் சொட்ட இரண்டும் வந்தன. ஐயா வெயிலுக்கு எதிரே பிடித்தார். பழைய மூன்று பிலிமையும் பக்கத்தில் வைத்தார். நூலில் சுழன்றது கலங்கியிருந்தது. கோட்டில் இருந்தது கத்தி வெட்டு. எழுத்துத் தெரியாத எனக்கே இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தது. பெரிய டாக்டர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். கடைசியில் மிஸ் நேசத்திடம் ஏதோ சொன்னார். திங்கட்கிழமை எக்ஸ்ரே ரூமுக்கே வா என்றாராம்.

ஐயா தமிழில் சொன்னார்: "பிள்ளை, இவ்வளவு நாளும் கதிர் வாங்கினது உம்மட கோட்டு. லீவு குடுக்கிறதெண்டால் அதுக்குத்தான் குடுக்கவேணும்."

மிஸ் நேசம் உட்கார்ந்து அழுதார். அப்புறம் சிரித்தார். பெருமாள் தன் பெரிய குரலில், "சரி லா மிஸ், வடை ஆறிப்போச்சு, சூடா வேற போடச் சொல்றேன்," என்றார். அதற்குப் பிறகு நடந்த பூப்பந்தில் மிஸ் நேசமும் லிம்மும் ஒரே பக்கம் ஆடித் தோற்றார்கள்.

ஏழு மணிக்கு ஊரடங்கு, ஐந்துக்குக் கிளம்பிவிட்டோம். ஐயா அன்றிரவு டவுனில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கினார். அவரை இறக்கிவிட்டபின் மிஸ் நேசம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். கார் டூல் பெட்டியில் குறடு இருக்கிறதா என்று கேட்டார். எக்ஸ்ரே ரூமில் அந்த ஆணியை நான்தான் பிடுங்கினேன். நல்ல நீள ஆணி. கதவுக்கு வெளியே, நடையில், தூசி படுகிற இடத்தில் திரும்ப அடித்துக் கொடுத்தேன். கோட்டைக் கொண்டுவந்து அதில் மாட்டிப் பார்த்தார். "தூசியெண்டால் தட்டலாம் அண்ணை," என்றார். பென்சன் வாங்குகிற வரைக்கும் அந்த ரூமில்தான் இருந்தார்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. ரயிலில் வந்தால் இன்றைக்கும் புலாவ் செபாங்கில்தான் இறங்க வேண்டும், மலாக்கா டவுனுக்கு இன்னும் ரயில் இல்லை. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, காரில் முக்கால் மணி. வாடகையை ஏறுவதற்கு முன்னால் பேசிக்கொள்ளுங்கள். அலோர் காஜாவில் தேநீருக்கு நிறுத்தலாம். பெம்பான் பக்கம் போகிறவர்கள் மத்தியானத்துக்கு முன்னால் போங்கள், அப்புறம் மழை பிடித்துக்கொள்ளும். மேலே சொன்ன தோட்டம் இப்போது எண்ணெய் எடுக்கிற செம்பனை, ஆஸ்பத்திரி இல்லை, தேட வேண்டாம்.

கூட்டத்துக்குப் போனால் பேச்சைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஊர் சுற்றலாம் என்று தேநீர் நேரத்தில் நழுவிவிடாதீர்கள். எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிடுங்கள், யார் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்றும் பாருங்கள்.