ஷரிபுதீன் கேட்ட பத்து நாள்

கல்முனையில் புத்தகம் போடுகிற ஷரிபுதீனுக்கு இனித் தொழில் இல்லை என்று 2009-இல் பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். அவருடைய பதிப்பகத்தில் அடுக்கியிருந்த புத்தகங்களைச் சுனாமி ஒன்றுவிடாமல் கொண்டுபோயிருந்தது. மிச்சத்தைக் கம்ப்யூட்டர் கொண்டுபோனது. யுத்தம் முடிந்த கையோடு கவிஞர்கள் பெருகினார்கள். தாங்களே தட்டச்சுச் செய்து, தாங்களே அட்டை போட்டு, அணிந்துரையையும் கிட்டத்தட்டத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். இனி உங்களுக்கு என்ன வேலை என்று கேட்டவர்களிடம் மனுஷன் சிரித்ததோடு சரி.

டிசம்பர் தொடக்கத்தில் அஸீஸா டீச்சர் வந்தார். சாய்ந்தமருதுக் கடற்கரையில் தன் வீதியில் சுனாமியில் மௌத்தானவர்களைப் பற்றி, வீட்டுக்கு ஒரு பக்கமாக எழுதியிருந்தார். அவருடைய கணவரும் அவர்களில் ஒருவர். கத்தாரிலுள்ள தம்பி அதை ஐந்தாவது நினைவு நாளில் மின்னூலாக இணையத்தில் போடக் காத்திருந்தான். பதிப்பகத்தின் பெயர் இருந்தால் நாலு பேர் மதிப்பார்கள், வேறு சிரமம் வேண்டாம் என்றார் டீச்சர். ஷரிபுதீன் பத்து நாள் தவணை கேட்டார்.

அந்தப் பத்து நாளில் அவர் செய்ததை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. வீதிக்காரர்கள் புதிய வீட்டுத்திட்டங்களில் திசைக்கொருவராகச் சிதறியிருந்தார்கள். அறுபது வயதில் மோட்டார் சைக்கிளில் தேடிப்போய், ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்த வீட்டாருக்கே வாசித்துக் காட்டினார். பெயர், வயது, ஜனாஸாவை, அதாவது உடலைக் கண்டெடுத்த இடம் எல்லாம் திருத்தினார்கள். சிலர் அழுதார்கள். ஒரு வீட்டில் நன்றாக ஏச்சும் வாங்கினார்.

ஒன்பதாம் நாள் பாத்தும்மாவின் வீடு. கணவன் வயலுக்குப் போயிருந்தான். தாய் கையை விட்டதால்தான் மகள் றம்ஸியா அலையோடு போனாள் என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. பாத்தும்மா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பொய்யில்ல காக்கா. மத்தப் புள்ளயத் தூக்க, அவட கைய நாந்தான் உட்டன். என்ட மாப்புள்ளைக்கு, அவட வாப்பாக்கு, இன்னும் தெரியா.”

அஸீஸாவிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாத்தும்மா தன் வாயாலேயே சொன்னதை மறைத்தால் அது என்ன புத்தகம் என்றார். உங்கள் பெயர் இல்லாமலே தம்பி போட்டுவிடுவான் என்றும் சொன்னார். போடலாம்தான்; தடுக்க ஷரிபுதீனிடம் ஒன்றுமே இல்லை. தாளில் அடித்த புத்தகம் என்றால் பொறுக்கி எடுத்தாவது பூட்டி வைக்கலாம், இணையத்தில் விட்டதை யார் பிடிப்பது என்று மட்டும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“அவ ஒங்களுக்குச் சொன்னா டீச்சர். ஊருக்குச் சொல்லல்ல.”

அஸீஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார். அதை நாம் தீர்மானிக்க முடியாது என்று அவரைப் பாத்தும்மாவிடமே கூட்டிப்போனார் ஷரிபுதீன்.

பாத்தும்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஜனவரியில ஸ்கூலுக்கு விட இருந்தம். ரோசாக் கலர்ல பேக் ஒண்டு வாங்கின. ஒவ்வொரு நாளும் முதுகுல மாட்டிப் பாப்பா. அத எழுதுங்க.”

டீச்சர் அங்கேயே இருந்து எழுதினார். மின்னூல் குறித்த நாளில் வந்தது. மறுவாரம் பாத்தும்மாவின் கணவன் ஷரிபுதீனைத் தேடி வந்து, அந்த ஒரு பக்கத்தைத் தாளில் எடுத்துத் தரச் சொன்னான். பேக்கின் நிறம் தனக்கு மறந்தே போயிருந்தது என்றான்.