கடைசி அத்தியாயம் இல்லாத கதைகள்

துரிசு போட்டுக் காய்ச்சிய கோதுமை மாப் பசையின் கசந்த மணம் குசினியிலிருந்து வந்தால் எங்கள் வீட்டில் ஓகஸ்ட் லீவு தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியே கச்சான் காற்று தெருப் புழுதியை வாரிக்கொண்டு துறைமுகப் பக்கம் ஓடும். உள்ளே அக்கா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, மடியில் ஒரு பலகையை வைத்து, வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்த தொடர்கதை அத்தியாயங்களை அடுக்கி, பசை தடவி, தடித்த ஊசியால் தைத்துக்கொண்டிருப்பாள். பூச்சி அரிக்காமல் இருக்கத்தான் துரிசு. நூலோ, டொக்யாட்டில் வேலை செய்த எங்கள் ஐயா மீன்காரரிடம் கேட்டு வாங்கிவரும் வலைநூல். அதில் மெழுகு தேய்த்து அக்கா போடும் முடிச்சைப் பல்லால் கடித்தாலும் அவிழ்க்க ஏலாது.

திருகோணமலையில் எங்கள் தெருவில் புத்தகம் வாங்கி வாசிக்கும் வசதி யாருக்கும் இருக்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு இதழ் எடுப்பார்கள். கதை முடிந்ததும் அத்தியாயங்களைச் சேர்த்து அக்காவிடம் தைக்கக் கொடுப்பார்கள். ஓகஸ்ட் வந்ததும் அந்தக் கட்டுகள் வீடு மாறி வீடு போகும். ஆளாளுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் அதற்கு "லீவுக் கதை தெரியிறது" என்று பெயர். கிண்ணியாவிலிருந்து துறை கடந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்க வந்த சுபைதா ரீச்சர்கூட ஒரு பனையோலைப் பை நிறையக் கட்டுகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு விறாந்தையில் பரப்பிவிட்டுப் போவா.

அக்காவுக்குப் பதினேழு வயது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய நெஞ்சைப் பழுதாக்கிவிட்டிருந்தது. பள்ளிக்கூடம் நின்றுபோய், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்திருந்தாள். "பிள்ளையின்ரை மனம் நோகிற மாதிரி ஒண்டும் நடக்கக் கூடாது" என்று டொக்டர் ஒருநாள் சொல்லிவிட்டார். சொன்னவர் மறந்திருப்பார், ஆனால் அம்மா அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டா. வீட்டில் யாரும் உரத்துக் கதைக்கக் கூடாது, செத்தவீட்டுப் பறை கேட்டால் சன்னலைச் சாத்தவேண்டும், அழுகிற கதை வாசல்படி ஏறக் கூடாது.

கடைசிச் சட்டம்தான் பெரும்பாடாகப் போயிற்று. அந்தக் காலத்து எழுத்தாளர்களுக்குக் கதாநாயகியைக் கொல்லாவிட்டால் சோறு செமிக்காது போலும். ஒன்றில் காசம், இல்லாவிட்டால் கிணறு, அதுவும் இல்லாவிட்டால் காரணமே இல்லாமல் கணவன் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிவிடுவாள். எனக்கு வரும் ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவ; எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துத்தான் வாசிப்பா. அப்படிப்பட்டவ, வந்த கட்டு ஒவ்வொன்றையும் அடுப்படிக்குக் கொண்டுபோய், புகை குடித்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தை மட்டும் முதலில் வாசித்து முடிப்பா. கலியாணத்தில் முடிந்தால் கட்டு அக்காவிடம் போகும். சாவில் முடிந்தால் அம்மா கத்திநுனியால் நூலை வெட்டி, கடைசி அத்தியாயத்தைக் கழற்றி, மல்லி வைக்கும் தகரப்பேணிக்குப் பின்னால் செருகிவிட்டு, மிச்சத்தை வெள்ளைத் தையல்நூலால் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுப்பா.

"கடைசிப் புத்தகம் கப்பலிலை வரேல்லையாம் மோனை" என்பா.

அது எடுபடக்கூடிய பொய்தான். இந்திய இதழ்கள் வருவது குறைந்து, நாடெல்லாம் பாதிக் கதையோடு தவித்துக்கொண்டிருந்த காலம் அது. லீவு முடிந்து கட்டுகளைத் திருப்பிக் கொடுக்கமுன் அம்மா கடைசி அத்தியாயத்தைத் திரும்பச் சேர்த்துத் தைத்துவிடுவா. வலைநூலுக்குப் பதிலாக வெள்ளை நூலைக் கண்டும் தெருவில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுபைதா ரீச்சர் மட்டும் கட்டை நீட்டும்போதே, அக்காவுக்குக் கேட்காமல், "இது கடைசியில கொஞ்சம் அழுக வரும் புள்ள, உம்மாட்டச் சொல்லு" என்று என் காதுக்குள் சொல்லுவா.

இப்படி எங்கள் வீட்டுக் கதைகளில் பாதி, கீழ்மூலையில் "தொடரும்" என்ற சொல்லோடு நின்றன. அக்கா கோபிக்கவில்லை. பின்னேரம் அம்மா தேத்தண்ணியோடு வந்து நிலத்தில் இருந்ததும், அன்று வாசித்த கதையைச் சொல்லி, முடிவைத் தானே கட்டுவாள். காசக்காரிக்குச் சுகம் வரும், காணாமல் போனவன் திரும்பி வருவான். அம்மா வாயைப் பிளந்தபடி கேட்டுவிட்டு, "ஓம் மோனை, அப்பிடித்தான் முடியும்" என்பா. உண்மையான முடிவு பத்தடி தள்ளி மல்லிப்பேணிக்குப் பின்னால் இருக்கும்.

அந்த வருட ஓகஸ்ட் நடுவில் கொழும்பிலிருந்து அறிவித்தல் வந்தது. நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்வார்கள் என்றார்கள். வழியில் வாசிக்க ஒரு கதை தெரியும்படி அம்மா சொன்னபோது அக்கா மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு, நோயாளிப் பெண் ஒருத்தி வைத்தியத்துக்குக் கப்பலேறித் தூரதேசம் போகும் கதையை எடுத்தாள். அதுவும் வெள்ளை நூல் கட்டுத்தான்.

அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

"எடியே, மல்லிப்பேணிக்குப் பின்னாலை கிடக்கிறதை எடுத்துக்கொண்டு வா."

நான் வாசலை எட்டிப் பார்த்தேன். "உனக்கு எப்பிடித் தெரியும்?"

"உதைத் தைச்சதே நான்தானேடி" என்று அக்கா சிரித்தாள். "முடிவைப் பாத்தால் லீவுக்கு ருசி இராதெண்டு கடைசி அத்தியாயத்தைக் கவிட்டு வைச்சுத் தைச்சனான். என்ரை கையாலை தைச்சது வரேல்லை எண்டால் நான் நம்புறதே? அம்மா பாவம், அதை யோசிக்கேல்லை. பேணியை நகர்த்துற சத்தமும் இஞ்சை கேக்கும்."

கொண்டுவந்து கொடுத்தேன். அவள் வாசித்ததை நான் அவளுடைய முகத்தில் வாசித்தேன். முடித்ததும், மடிப்புக் கலையாமல் என் கையில் திருப்பித் தந்தாள்.

"இருந்த மாதிரியே வை. நான் பாத்தனான் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. அவ தாங்கமாட்டா."

"அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது அக்கா?"

அவள் என் பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிவிட்டாள். அன்று பின்னேரம் அம்மா வந்து காலடியில் இருந்ததும், அக்கா கதையைச் சொல்லத் தொடங்கினாள். மூச்சு வாங்க வாங்க, ஒரு இடத்திலும் குரல் உடையாமல் சொன்னாள். அந்தப் பிள்ளை சுகமாகிறாள், அதே கப்பலில் திரும்பி வருகிறாள், துறைமுகத்தில் அவளுடைய தாய் நிற்கிறா, தூரத்திலேயே இவள் கையைக் காட்டுகிறாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஓம் மோனை, அப்பிடித்தான் முடியும்" என்றா.

அக்கா கொழும்பிலிருந்து பெட்டியில்தான் வந்தாள். ஐயோ, அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு இன்றும் ஏலாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து சொந்தக்காரர் எல்லோரும் போன பிறகு, ஒருநாள் அம்மா குசினியில் தேங்காய் துருவியபடி, என்னைப் பார்க்காமல் கேட்டா. "பிள்ளை, அக்கா கடைசியாச் சொன்ன கதையிலை, அந்தப் பிள்ளை என்ன செய்தவள்?"

"சுகமாகித் திரும்பி வந்தவள் அம்மா. தாயைக் கண்டு கை காட்டினவள்."

அம்மாவின் கை துருவலையில் அப்படியே நின்றது. உண்மையான முடிவை எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசித்தவ அவ.

"ஓம் மோனை" என்றா. "அப்பிடித்தான் முடிஞ்சது."

அந்த வீடும், அக்காவின் கதிரையும், வெள்ளை நூல் கட்டுகளும் பின்னால் வந்த தீயில் போய்விட்டன. தொடர்கதையைக் கிழித்துத் தைப்பவர்களும் இப்போது இல்லை, துரிசுப் பசையின் மணத்தைச் சொன்னால் விளங்கிக்கொள்ள ஆளும் இல்லை. போன ஓகஸ்டில் லீவுக்குக் கதை தெரிய மகளைப் புத்தகக் கடைக்குக் கூட்டிப்போனபோது, அந்தக் கப்பல் கதை முழுப் புத்தகமாக அச்சாகி அலுமாரியில் இருந்தது. எடுத்தேன். நேரே கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அத்தனை வருடமும் அந்தப் பிள்ளை அங்கே செத்தபடிதான் கிடந்தாள். மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

"என்ன கதையம்மா அது?" என்று மகள் கேட்டாள்.

"ஒரு வருத்தக்காரப் பிள்ளை கப்பலேறிப் போய், சுகமாகி, வீட்டை திரும்பி வாற கதை."

"உண்மையா வந்திடுவாளோ?"

"ஓம் மோனை" என்றேன். "அப்பிடித்தான் முடியும்."