நடக்க விட்டுப் பார்க்கும் டாக்டர்

என் அக்கா மகள் நரம்பு டாக்டர். நரம்பிலும் ஒரே ஒரு நோயைத்தான் பிடித்துக்கொண்டாள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். அந்தப் பெயர் என் வாயில் நுழையவே ரொம்ப நாளானது. அவள் படித்து முடித்த காலத்தில் அதற்குச் சொல்லிக்கொள்கிறாற்போல மருந்து கிடையாது. இதயம், எலும்பு என்று எடுத்திருந்தால் நாலு பேர் தேடி வருவார்கள், இவள் பேர் தெரியாத நோயைக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று அக்கா புலம்பாத நாளில்லை. மருந்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்வதற்குள் அவள் தலையும் நரைத்துவிட்டது.

அவள் வேலையை நான் கண்ணால் கண்டது தம்பி மகன் விஷயத்தில்தான். அவன் லிப்ட் மெக்கானிக். காலையில் ஜம்மென்று போவான், சாயங்காலம் தள்ளாடி வருவான். தெருமுனையில் ஒரு சாராயக்கடை. அதற்கு அடுத்த குட்டைச்சுவரில் உட்கார்ந்து, கால் தெளிந்த பிறகுதான் வீட்டுக்கு வருவான். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? அவன் அப்பா, அதாவது என் தம்பி, அவனோடு பேசுவதையே விட்டுவிட்டான். இன்னொரு தடவை தள்ளாடினால் சீட்டைக் கிழிப்போம் என்று கம்பெனியிலும் சொல்லியாயிற்று.

வேறு டாக்டர்களிடமும் போனான். வெளியே நாற்காலியில் வெகுநேரம் காத்திருப்பான். அதற்குள் கால் சரியாகிவிடும். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்கள்.

கடைசியில் அப்பனையும் மகனையும் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அக்கா மகள் யாரையும் உட்காரவே விடவில்லை. ஆஸ்பத்திரியின் நீளத் தாழ்வாரத்தில் அவனை நடக்க வைத்து, கூடவே கதை பேசிக்கொண்டு நடந்தாள்.

"பொண்ணு பார்க்க வந்தாக்கூட இவ்வளவு நடக்க விடமாட்டாங்க" என்றான் அவன்.

"உன்னை யாருடா கட்டிப்பா? பேசாம நட."

போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று தம்பியைக் கூப்பிட்டாள்.

"மாமா, பார்க்காதீங்க. கண்ணை மூடிட்டு அந்தக் காலடிச் சத்தத்தை மட்டும் கேளுங்க."

நானும் மூடிக்கொண்டேன். ஒரு கால் டக்கென்று விழுந்தது. மற்றது தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு நாங்கள் எதைப் பார்த்தோம்?

பிறகு அவனது பூட்ஸைக் கழற்றச் சொல்லிக் கவிழ்த்துக் காட்டினாள். வலது பூட்ஸ் மட்டும் முனையில் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"குடிச்சவனுக்கு ரெண்டு காலும்தானே மாமா தள்ளாடும்?"

ஸ்கேனும் குடி இல்லை, அவள் பிடித்துக்கொண்ட அதே நோய்தான் என்றது. வயருக்கு மேலே இருக்கிற உறை உரிந்தால் லிப்ட் என்ன ஆகும் என்று அவனிடமே கேட்டாள். உன் நரம்பின் உறையும் அப்படித்தான் உரிகிறது என்றாள். அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. முழுசாகக் குணமாக்க முடியாது, ஆனால் ஊசி போட்டுக்கொண்டால் இன்னும் உரியாமல் தள்ளிப்போடலாம் என்றாள். மழுப்பவில்லை, பயமுறுத்தவுமில்லை.

தம்பி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மகனிடம், "ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று கேட்டான்.

"சொன்னேன்பா. வாயை ஊதச் சொன்னீங்க."

தம்பி கீழே குனிந்து, அந்த பூட்ஸை எடுத்து, மகன் காலில் தானே மாட்டிவிட்டான். அப்புறம்தான் எழுந்து, "வா, உங்க கம்பெனிக்குப் போவோம். நான் பேசுறேன்" என்றான்.